கொஞ்சம் என்றால் எத்தனை கிராம்?

“கொஞ்சம்னா எத்தன கிராம் லா?”

ஒரு கையில் மஞ்சள் தூள் டப்பா, மறு கையில் டிஜிட்டல் தராசு. திருச்செல்வம் இப்படி ஹாலுக்கு வந்து நிற்பது காலையிலிருந்து ஏழாவது தடவை. வலது கை மாவுக்கட்டோடு சோபாவில் சாய்ந்திருக்கும் மனைவி சீதாலெட்சுமி டிவியிலிருந்து கண்ணை எடுப்பதாக இல்லை. “கொஞ்சம்னா கொஞ்சந்தாங்க. இதெல்லாமா கேப்பாங்க?”

மூன்று வாரத்துக்கு முன் பாசாரில் மீன்கடை ஈரத்தில் சீதாலெட்சுமி வழுக்கி விழுந்தார். அன்றைக்கு அடுப்படிக்குள் போனவர்தான் திருச்செல்வம். அதற்கு முன் கிள்ளானில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் தரம் பார்த்தவர். ரப்பர் இம்மி மெலிந்திருந்தாலும் மொத்தப் பெட்டியையும் திருப்பி அனுப்பிவிடுவார். அப்பேர்ப்பட்ட மனிதருக்கு இப்போது வரும் உத்தரவுகளோ ‘லேசா’, ‘பதமா’, ‘ஒரு கை’. பச்சை வாசம் போக வேண்டுமாம், அப்புறம் வாசம் வர வேண்டுமாம். போவது எது, வருவது எது என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

அவரே எழுதி வைக்கிறார். ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள்: ‘கடுகு, வெடிக்கத் தொடங்கி 11 விநாடி.’ துணியை ஒழுங்காக மடிக்கச் சொன்னால் டேப் எடுத்து வருகிறார். அலமாரியில் மனைவியின் ரவிக்கைகள் எல்லாம் இருபத்திரண்டு சென்டிமீட்டரில் விறைப்பாக நிற்கின்றன.

சோறுதான் பெரிய ரோதனை. “அரிசிக்கு மேல விரல்ல ஒரு கோடு தண்ணி நிக்கணும்.” நின்றது, இவருடைய முரட்டு விரலில். மூன்று நாள் கஞ்சி குடித்தார்கள். நான்காம் நாள் மதியம் மனைவி கண்ணயர்ந்த நேரம் பார்த்து, வெர்னியர் அளவுகோலோடு பூனை மாதிரி போய் அவருடைய இடது சுட்டுவிரலை நுனியிலிருந்து முதல் கோடு வரை அளந்தார். 24.6 மில்லிமீட்டர். அன்றிலிருந்து சோறு உதிரி உதிரியாக வருகிறது.

இத்தனை பாட்டுக்கும் காரணம் மகள் ஷாமினி. “சண்டே வந்து பாப்பேன்பா. சரியில்லன்னா அம்மாவ சுபாங் ஜெயாவுக்குக் கூட்டிட்டுப் போயிருவேன். கட்டுப் பிரிக்கிற வரைக்கும் எங்கூட இருக்கட்டும்” என்று போனில் சொல்லிவிட்டாள். முனைக்கடையில் ரொட்டி சானாய் இருக்கிறது, பட்டினி கிடக்க மாட்டார். ஆனால் முப்பத்தாறு வருடத்தில் சீதாலெட்சுமி இல்லாமல் இந்த வீட்டில் அவர் இருந்ததில்லை. நினைத்தாலே பயமாக இருக்கிறது. வெளியே சொன்னால் மானம் போய்விடும்.

அந்த சண்டே இன்றுதான். ஷாமினி காலிப் பையோடு வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு வாய் வைத்ததும் முகம் கோணுகிறது.

“என்னாப்பா, சாம்பார்ல இவ்ளோ உப்பு?”

“எட்டு கிராம்தாம்மா போட்டேன்.”

“அம்மா, துணி எடுத்து வைக்கவா?”

சீதாலெட்சுமி ஒரு டம்ளர் தண்ணீரை மடமடவென்று குடித்து முடிக்கிறார். “எனக்குச் சரியாத்தான் இருக்கு” என்கிறார். பிறகு இடது கையால் தட்டைக் கணவர் பக்கம் நகர்த்துகிறார். “ஏங்க, இன்னும் கொஞ்சம் சாம்பார் ஊத்துங்க.”

திருச்செல்வம் வாயைத் திறக்கிறார். ஏதும் கேட்காமல் மூடிக்கொள்கிறார். கரண்டியில் அள்ளி, மனைவியின் முகத்தையே பார்த்தபடி மெல்லச் சாய்க்கிறார். அந்தப் புருவம் லேசாக அசைந்ததும் கரண்டியை நிமிர்த்திவிடுகிறார்.