வஞ்சிரம் வந்திருக்கிறது என்று சொன்னவர்

வெள்ளைக்காரன் இந்த நாட்டை விட்டு ஏன் போனான் என்பதற்குப் பெரியவர்கள் ஆயிரம் காரணம் சொல்வார்கள். ராயபுரம் கரையில் எங்களுக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான்: எங்கள் ஏலக்காரர் சுப்புராயனின் தொண்டை. விடியற்காலையில் அவர் ஏலம் கூவினால் எண்ணூரில் தூங்குகிறவன் எழுந்து விலை கேட்பான். ஒருமுறை துறைமுகத்தில் நின்ற சரக்குக் கப்பல் அதைச் சங்கு என்று நினைத்து நங்கூரத்தைத் தூக்கிவிட்டது. நான் பார்க்கவில்லை. ஆனால் சத்தியம் செய்யத் தயார்.

அவருக்கு ஐம்பது வயது. பொய் சொல்வது தொழிலில் பாதி. நேற்றுப் பிடித்த சங்கரா மீன் இன்னும் மூச்சு விடுகிறது என்பார். பேரம் பேசிக் கழுத்தறுக்கிறவர்களை விரட்ட வேண்டுமானால், வடக்கே வஞ்சிரம் வந்து இறங்குகிறது என்று கைகாட்டுவார். பாதிப் பேர் ஓடுவார்கள். மீன்காரி பூவம்மா மட்டும் ஓடமாட்டாள். இருபது வருடமாக அவருக்கு எதிரே உட்கார்ந்து அவர் பொய்களுக்குச் சிரிப்பதே அவளுக்குப் பொழுதுபோக்கு.

நாலு வருடத்துக்கு முன், 1949 சித்திரையில், ஏலக் கொட்டகையில் யாரோ ஒரு கூடையை வைத்துவிட்டுப் போனார்கள். யார், எதற்கு என்று இன்றுவரை தெரியாது. கூடை என்று ஒன்று இருந்தால் சுப்புராயன் கூவிவிடுவார். கூவினார். வண்ணாரப்பேட்டையில் தெருத்தெருவாக மீன் விற்கும் காத்தூன் பீவி விலையும் கேட்டுவிட்டார். மூடியிருந்த ஓலையைத் தூக்கினால் உள்ளே புகை.

குண்டு என்று சுப்புராயன் கத்தினார். ஒருவரும் அசையவில்லை. விலையை ஏற்றுவதற்குப் புது வித்தை என்று நினைத்தார்கள். எதுவானாலும் தன் விலை அதேதான் என்றார் காத்தூன் பீவி. அப்போதுதான் சுப்புராயன் மூச்சைப் பிடித்து, வடக்கே வஞ்சிரம், முதலில் வந்தவர் அள்ளிக்கொள்ளலாம் என்று ஒரு குரல் விட்டார். கொட்டகை காலி.

கைவண்டி ஆசீர்வாதம் கூடையைத் தூக்கிக்கொண்டு கடலைப் பார்த்து ஓடினார். மூட்டை தூக்கும் தமீம் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டார். தண்ணீருக்குப் பத்தடி இருக்கும்போது வெடித்தது. இரண்டு பேரும் போனார்கள். வழக்கம்போல இடத்தை விட்டு எழாமல் கொட்டகையின் கடலோர முனையிலேயே சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பூவம்மாவும் போனாள். காத்தூன் பீவிக்கு ஒரு காது போயிற்று. ஊரிலேயே வெடிகுண்டுக்கு விலை கேட்டவள் தான் ஒருத்திதான் என்று இன்றும் சொல்லிக்கொள்வார்.

மறுவருடம் அதே நாளில், ஏலத்துக்கு முன் மூன்று பெயரையும் சொல்வது என்று முடிவானது. சுப்புராயன் வாயில் பழக்கம் புகுந்துவிட்டது. பூவம்மா ஒரு தரம், பூவம்மா ரெண்டு தரம் என்று ஆரம்பித்துவிட்டார். காத்தூன் பீவி பாய்ந்து வந்து அவர் வாயைப் பொத்தினார். மூன்று தரம் சொல்லிவிட்டால் சரக்கு கைமாறிவிடும் அல்லவா? அன்றிலிருந்து அதுவே வழக்கம். ஒவ்வொரு பெயரும் இரண்டு தரம். மூன்றாவதைச் சொல்லாமல் கொஞ்ச நேரம் சும்மா நிற்போம். யாரையும் யாரும் பார்க்கமாட்டோம்.

இந்த வருடம் சுப்புராயனுக்கு மாலை போடுவது, அவர் வாழ்க்கையை எழுதிப் படிப்பது என்று கரையில் பேசினார்கள். ஐந்தாம் வகுப்புவரை எட்டிப் பார்த்தவன் என்பதால் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. சேதி கேட்டதும் அவர் வீட்டுக்குள் போய்ப் படுத்துவிட்டார். மாலையும் வேண்டாம், இனிமேல் பெயரும் கூவமாட்டேன் என்று சொல்லியனுப்பினார். அவருக்குப் பதிலாகச் செல்வம் என்பவரைக் கூவச் சொல்லிப் பார்த்தார்கள். வாய்தவறி மூன்று தரம் சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில் காத்தூன் பீவி அவர் வாய்க்கு நேரே கையை வைத்துக்கொண்டே நின்றதால் அவருக்குக் குரலே வரவில்லை.

நினைவு நாளன்று காலை நான் சுப்புராயன் வீட்டுக்குப் போனேன். கயிற்றுக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"இருவது வர்சம் நான் புளுவாம இருந்திருந்தா அவ எய்ந்து ஓடிருப்பாடா," என்றார். "இந்த வாயால அவ பேர கூவச் சொல்றியா?"

நான் எழுதியதை எடுத்துப் படித்தேன். பூவம்மா அவர் குரலை நம்பி எழுந்தாள், ஓடினாள், மறந்துவிட்ட வெற்றிலைப் பையை எடுக்கத் திரும்பினாள், அப்போதுதான் வெடித்தது, இதை நான் கண்ணால் பார்த்தேன் என்று எழுதியிருந்தேன்.

மறுபடி படிக்கச் சொன்னார். படித்தேன். இந்தமுறை பைக்குச் சிவப்பு நிறமும் கொடுத்தேன். இந்தப் பக்கம் திரும்பினார். எழுந்து உட்கார்ந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கரையைப் பார்த்து நடந்தார். நான் பின்னாலேயே போனேன், உலகத்திலேயே என் எழுத்துதான் எழுத்து என்ற நினைப்போடு.

கொட்டகைக்குள் கூட்டம் எழுந்து நின்றது. வாசலில் அவர் நின்றுவிட்டார்.

"எங்க நின்னுகினு பாத்த, நைனா?"

"கரையேத்தி வச்ச படகு மேல, மாமு."

"அந்த வரிய அடிச்சுடு. வஞ்சிரம்னதும் ஓடுன கூட்டத்துல மொத ஆளே நீதான். என் கால மெதிச்சுகினு ஓடுன, திரும்பிக்கூட பாக்கல." குனிந்து வலது கால் பெருவிரலைக் காட்டினார். "பாரு, இன்னும் நகம் மொளைக்கல."