ஈர இலைக்குக் கழிவு

1984 டிசம்பர் 16, ஞாயிறு, காலை ஒன்பதேகால் மணி, தூறல். மலேசியாவின் கேமரன் மலையில், பிரிஞ்சாங் அருகே எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பழைய தொழிலாளர் லயத்தை அருங்காட்சியகமாக்கி, பள்ளி விடுமுறைக்கு வந்தவர்களைக் கொழுந்து பறிக்க விட்டிருந்தார்கள். இலை நிறுத்துக் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வுபெற்ற நான், அன்றும் கிராணியாக நடிக்கத் தராசடியில் நின்றேன். பறித்துக் காட்ட வந்த பழைய தொழிலாளி அஞ்சலையின் கூடை ஆறு கிலோ.

"ஈர இலை. ஒரு கிலோ கழிச்சாச்சு" என்றேன்.

"முப்பது வருசம் கழிச்சது பத்தலயா கிராணி? கூலியே இல்லாத விளையாட்டுலயுமா கழிப்பீங்க?"

கூடையை என் முகத்தில் கொட்டினாள். மூக்குக் கண்ணாடி விழுந்து உடைந்தது. வந்திருந்தவர்கள் நடிப்பென்று நினைத்துக் கைதட்டினார்கள்.

ஈர இலைக்குத் தண்ணீர் எடையைக் கழிப்பது முறைதான். அன்று அவளிடம் எதைக் கழித்தேன் என்பதுதான் இன்னும் தெரியவில்லை. புதுக் கண்ணாடிக்கு முப்பத்தெட்டு வெள்ளி செலவானது.