நடுக்கட்டத்தில் அரக்குப் புடவை

சங்கராபுரத்தில் ரவிக்கை தைக்க இளவரசனிடம் கண்ணை மூடிக்கொண்டு துணி கொடுக்கலாம். எப்போது கிடைக்கும் என்று மட்டும் கேட்கக் கூடாது. கல்யாணத்துக்குத் தைக்கக் கொடுத்தால் வளைகாப்புக்குத்தான் கைக்கு வரும் என்று பெண்கள் கேலி பேசுவார்கள். பேசிவிட்டு மறுபடியும் அவனிடமே கொடுப்பார்கள். அளவு அப்படி. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் ஒரு மெஷின், ஒரு மேசை, கொக்கி கட்டவும் ஓரம் மடித்துத் தைக்கவும் வரும் ஆண்டாள் அக்கா. கடை அவ்வளவுதான்.

அப்பேர்ப்பட்டவன், யாரும் கேட்காமலே ஒரு போர்வை தைக்க உட்கார்ந்தான். அவனுடைய ஆயா, அப்பாவைப் பெற்ற செல்லியம்மாளுக்காக.

ஆயாவின் வீடு கல்வராயன் மலை அடிவாரத்தில் இருக்கிறது. மார்கழியில் மலைக்காற்று ஓட்டு இடுக்கு வழியாக உள்ளே இறங்கி, வீட்டு ஆள் மாதிரி உரிமையோடு தங்கிவிடும். இளவரசனின் அப்பாவும் அம்மாவும் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போயிருந்த வருடங்களில் அவனை வளர்த்தது ஆயாதான். குளிர் ராத்திரிகளில் அவனை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு ஒரே கதையைச் சொல்லுவாள்.

"நான் கட்டிக்கினு வந்த வருசமும் இதே குளுருதான்டா. வூட்ல இருந்தது ஒரே கம்பளி. எங்க மாமியா அத பெட்டில போட்டு பூட்டிக்கினா. நான் கோணிய போத்திக்கினு படுத்தேன்."

அந்த மாமியார் காசியம்மாள் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலம் ஆயிற்று. கம்பளிக் கதைக்கு மட்டும் சாவே கிடையாது. மார்கழி பிறந்தால் அதுவும் பிறந்துவிடும். இளவரசன் அதைக் கேட்டே தூங்கி, அதைக் கேட்டே வளர்ந்தான்.

சம்பாதிக்க ஆரம்பித்ததும் அவன் செய்த முதல் வேலை, கடையில் நல்ல போர்வையாகப் பார்த்து வாங்கிக்கொண்டு போனது. ஆயா போர்த்திப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிட்டாள். "நாய்க்குட்டிய மேல போட்டுக்கினு படுத்தா மாதிரி இருக்குதுடா." அடுத்த வருடம் வேறொன்று வாங்கினான். அது வழுக்கிக்கொண்டு போகிறதாம். அதற்கடுத்தது மூச்சு முட்டுகிறதாம். கிழவிக்கு நூல் புடவையைத் தவிர எதுவும் உடம்பில் ஒட்டாது. அப்படியென்றால் நூல் புடவையிலேயே தைத்துவிட்டால் போகிறது என்று அவனுக்குத் தோன்றியபோது, இத்தனை நாள் இது ஏன் தோன்றவில்லை என்று தன்னையே நொந்துகொண்டான்.

ஆயா கொல்லைக்காட்டுக்குக் களை எடுக்கப் போன ஒரு பகலில் வீட்டுக்கு வந்து, அவளுடைய டிரங்குப் பெட்டியைத் திறந்து, அடியில் கிடந்த பழம்புடவைகளை அள்ளிக்கொண்டான். சொன்னால் விடமாட்டாள். கிழிந்ததைக்கூடப் பத்திரப்படுத்துகிறவள். அள்ளியதில் அரக்கு நிறத்தில் மஞ்சள் கரை போட்ட ஒன்று மட்டும் கசங்காமல் இருந்தது. மஞ்சள் வாசம் வேறு. நாள் கிழமைக்குக் கட்டிவிட்டு வைத்ததாக்கும் என்று நினைத்து, அதைப் போர்வையின் நடுக்கட்டத்துக்கு என்று ஒதுக்கினான்.

உள்ளே தாத்தாவின் பழைய வேட்டிகளை அடுக்கி, மேலும் கீழும் புடவைத் துண்டுகளை வைத்தால் மெஷின் ஊசி படபடவென்று உடைந்தது. வேறு வழியில்லை, கையால்தான் இழையோட்ட வேண்டும். ஊருக்கெல்லாம் மெஷினில் பறக்கிறவன், மத்தியான வேளைகளில் தரையில் சம்மணம் போட்டுப் போர்வையை மடியில் பரப்பிக்கொண்டு ஊசியோடு மல்லுக்கட்டினான்.

"இன்னா தம்பி, ரவிக்க எல்லாம் அப்படியே கெடக்குது, நீ இன்னா பண்ணிக்கினு இருக்கற?" என்றாள் ஆண்டாள்.

"எங்க ஆயாவுக்குக்கா."

"தையல் கோணிக்கினு போவுது பாரு. எட்டக் குத்தாத, கிட்டக் குத்து." சொல்லிவிட்டு அவளே ஒரு ஓரத்தை இழுத்து வைத்துக்கொண்டு தைத்துக் கொடுத்தாள்.

போன மார்கழிக் கடைசியில், குளிர் போவதற்குள் என்று தொடங்கியது, இந்த மார்கழிக்குத்தான் முடிந்தது. அவனுடைய வழக்கத்துக்கு இது சீக்கிரம்தான்.

போர்வையைப் பையில் திணித்துக்கொண்டு வண்டியில் போய் இறங்கினால், வீடே தலைகீழாகக் கிடந்தது. டிரங்குப் பெட்டி கூடத்தின் நடுவில் கவிழ்ந்திருந்தது. ஆயா தலைவிரி கோலமாக உட்கார்ந்திருந்தாள். இப்போது ஊருக்கே திரும்பிவிட்ட அம்மா அம்சவள்ளி அடுப்படி வாசலில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"பூவாடைக்காரி பொடவையக் காணம்டா!" என்றாள் ஆயா. "வெள்ளிக்கெழம படையல். உங்க அம்மாதான் பழசுன்னு எவனுக்கோ தூக்கிப் போட்டிருப்பா."

பூவோடும் பொட்டோடும் இறந்துபோன பெண்ணை வீட்டுத் தெய்வமாகக் கும்பிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். அவள்தான் பூவாடைக்காரி. இந்த வீட்டுப் பூவாடைக்காரி வேறு யாருமில்லை, கம்பளியைப் பூட்டி வைத்த அதே காசியம்மாள்தான். வருடா வருடம் படையலில் அவளுக்கு ஒரு புதுப்புடவை வைத்து, மூங்கில் பெட்டியில் மூடுவார்கள். மறுவருடம் அதை எடுத்து வீட்டுப் பெண் ஒருத்தி கட்டிக்கொள்வாள். அதில் கத்தரி மட்டும் படவே கூடாது.

"பொடவ மூங்கில் பெட்டிலதான இருக்கும்?" என்றான் இளவரசன்.

"எலி பெட்டியக் கடிச்சிப் பூடுச்சின்னு நான்தான் எடுத்து டிரங்குல வச்சேன். அரக்குப் பொடவடா, மஞ்சக் கர போட்டது."

பை கையிலேயே இருக்கிறது. அப்படியே வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டால் எலி தலையிலோ அம்மா தலையிலோ பழி விழும், அவன் தப்பித்துவிடுவான். அம்மா மூக்கை உறிஞ்சினாள். அவன் பையைப் பிரித்துப் போர்வையை ஆயாவின் முன்னால் விரித்தான். நடுவில் அரக்குப் புடவை, நாலு துண்டாக.

"அம்மாவ திட்டாத ஆயா. நான்தான் எடுத்தேன். உனக்குத்தான் தெச்சேன்."

ஆயா தன்னுடைய பழைய புடவைகளை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே வந்தவள், நடுக்கட்டத்துக்கு வந்ததும் கையை எடுத்துவிட்டாள்.

"கத்தரி போட்டியா?"

"போட்டேன் ஆயா."

"வெள்ளிக்கெழம வரைக்கும் யாரும் இத தொடக் கூடாது. அவளையே கேட்டுக்கலாம்."

இளவரசனுக்குச் சோறு இறங்கவில்லை. சாமிக் குற்றத்தைவிட அவனை வாட்டியது வேறு. ஒரு வருடம் குத்திக் குத்தித் தைத்ததை ஆயா தொடக்கூட முடியாமல் போய்விடுமோ என்பதுதான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாவிளக்கு ஏற்றி, கொழுக்கட்டை வைத்து, புதுப்புடவையின் பக்கத்தில் போர்வையையும் மடித்து வைத்தார்கள். பல்லி சத்தம் கொடுத்தால் பூவாடைக்காரி சம்மதித்துவிட்டாள் என்று அர்த்தம். எல்லாரும் கைகூப்பிச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கற்பூரம் எரிந்து முடிந்தது. இன்னொன்று ஏற்றினார்கள். பல்லி உத்திரத்தில்தான் இருந்தது, எல்லாரையும் பார்த்துக்கொண்டு கம்மென்று இருந்தது. இளவரசனுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆயா அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு படையல் பக்கம் திரும்பி இடுப்பில் கை வைத்தாள்.

"உசுரோட இருந்தப்பவும் இப்படித்தான், எது கேட்டாலும் வாயத் தொறக்க மாட்ட. அன்னிக்கும் குளுருலதான் நின்னேன். நீயா குடுப்பன்னு பாத்து பாத்து ஏமாந்தவ நான். என் பேரன் எனக்குன்னு தெச்சது இது. நானே எடுத்துக்கறேன், கோவப்படாத அத்த."

அத்தை என்று அவள் சொல்லி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. போர்வையை எடுத்து உதறித் தோளோடு போர்த்திக்கொண்டாள். பல்லி அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் வெயில் ஓட்டுக்கு மேல் ஏறியும் ஆயா எழுந்திருக்கவில்லை. அம்மா பயந்துபோய்க் கிட்டே போய்ப் பார்த்தால், மூக்கு வரைக்கும் இழுத்துப் போர்த்திக்கொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

அந்த மார்கழியில் கம்பளிக் கதை வீட்டில் கேட்கவே இல்லை. பொங்கலுக்கு வந்த சொந்தக்காரப் பெண்கள் போர்வையைப் புரட்டிப் பார்த்து, "ஏது சின்னம்மா, இவ்ளோ அழகா இருக்குது?" என்று கேட்டார்கள். தைத்தவன் அங்கேயே தூணோரம் கரும்பு கடித்துக்கொண்டு, தன் பேர் வரும் என்று காத்திருந்தான்.

"எங்க மாமியா குடுத்தது" என்றாள் ஆயா.