நான் தொடாத ரெங்காஸ்

எனக்கு மரத்தில் வில் செய்யும் பைத்தியம் உண்டு. சிங்கப்பூரின் தோ பாயோவில் வீடுகள் கட்டக் காட்டை அழித்த நாள்களில், வெட்டிப் போட்ட மரங்களுக்கிடையே வளையும் மரம் தேடி அலைவேன். வெட்டுவாயைப் பார்த்தே மரத்தின் பெயர் சொல்லிவிடுவேன் என்ற கர்வம் வேறு.

அன்று ஒரு செந்நிறத் துண்டு அந்திவானம்போல் மின்னியது. அங்கே வேலை செய்த மாணிக்கம் தயங்கினார்.

"சாறு கறுத்துப்போகுது சார். ரெங்காஸ் மரமா இருந்தா உடம்பெல்லாம் கொப்புளிச்சிடும்னு மலாய்க்காரங்க சொல்வாங்க."

"மரத்தைப் பத்தி எனக்கே பாடமா? சும்மா தூக்குங்க லா!"

அவரும் சிரித்துவிட்டார். என் வெள்ளைச் சட்டையில் கறைபடக் கூடாதென்று தாமே தோளில் சுமந்து, சாக்கில் சுற்றி, நான் சொன்ன வீட்டு விலாசத்துக்கு வண்டியில் ஏற்றினார்.

மூன்றாம் நாள் காலை, சிராங்கூன் சாலை வீட்டில் இழைப்புளியோடு உட்கார்ந்து சாக்கைப் பிரிக்கப் போனேன். வாசலில் மாணிக்கம் நின்றார். முகம் வீங்கி ஒரு கண் மூடியிருந்தது. கைகள் முழுக்கக் கொப்புளம்.

"சீவிட்டீங்களா சார்?"

"இன்னும் இல்லை."

"அப்பாடா! அதைத் தொடாதீங்க. சொல்லத்தான் ரெண்டு பஸ் மாறி ஓடிவந்தேன்."

மன்னிப்புக் கேட்டேன்.

"நீங்க தெரிஞ்சா சொன்னீங்க, விடுங்க," என்றார்.

தெரியாததைத் தெரிந்ததுபோல் சொன்னேனே, அதை எப்படி விடுவது?

அவர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புமுன் தேநீர் கொடுத்தேன். அவரால் குவளையைப் பிடிக்க முடியவில்லை. நான் பிடித்துக்கொள்ள, அவர் ஊதி ஊதிக் குடித்தார். அந்த வீங்கிய முகத்துக்கு முன்னால், ஒரு சிறு தடிப்புகூட இல்லாத என் கைகளைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.