வாயை மட்டும் அசை

என் தங்கை ரூபியின் பாட்டை நிறுத்தியவன் நான். அவளுடைய காது மந்தமானதுதான் காரணம் என்று இத்தனை காலம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அது பொய்.

போன கிழமை எனக்குக் காதுப் பரிசோதனை. சோதித்த பெண்பிள்ளை ஒரு கடதாசியால் தன் வாயை மறைத்துக்கொண்டு சொற்களைச் சொன்னது. நான் திருப்பிச் சொல்லவேண்டும். ஒன்றுகூட விளங்கவில்லை. கடதாசியை இறக்கியதும் எல்லாம் விளங்கியது. மற்றவர்களின் உதடுகளைப் பார்த்து விளங்கிக்கொண்டதைத்தான் கொஞ்சம் காது கேட்கிறது என்று நினைத்திருக்கிறேன். கெட்டிக்காரன்!

உதடு என்றதும் கோப்பாயில் எங்கள் தேவாலயத்து ஆர்மோனியமும், பூச்சி அரிக்காமல் அதற்குள் போட்டுவைத்த நப்தலீன் உருண்டையின் மணமும் வந்துவிடுகின்றன. பாடகர் குழுவை நடத்தியவன் நான். பெரிய வித்துவான் என்ற நினைப்பு வேறு. ரூபிக்கு முப்பது தாண்டியதும் காது மங்கத் தொடங்கியது, சுருதி விலகியது. ஒரு டிசம்பரில், நத்தார்ப் பண்டிகை ஒத்திகையில் எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன்:

“ரூபி, நீ பாடாதை. வாயை மட்டும் அசை.”

“மீன் மாதிரியோ, மாஸ்டர்?” என்றான் பின்வரிசையில் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிப்பு அவளுக்குக் கேட்டிராது. எங்கள் வாய்கள் தெரிந்திருக்கும்.

அந்த நத்தாரில் சொன்னபடியே வாயை அசைத்தாள். பிறகு அரிசி களையும்போதுகூட அவள் பாடி நான் கேட்டதில்லை.

என் வலது காது எப்போதோ போய்விட்டது. இடது காதுக்குள்தான் ஒப்பறேசன் செய்து கருவி வைக்கப்போகிறார்கள். ஸ்கேன், தடுப்பூசி எல்லாம் முடிந்தன. “இப்ப மிச்சமிருக்கிற கொஞ்சமும் அனேகமாப் போயிடும், ஐயா. பிறகு கருவியாலைதான் கேக்கும். முதல்லை எல்லாரின்ரை குரலும் மெசின் மாதிரித்தான் இருக்கும்” என்றார் டொக்டர்.

அந்த மிச்சத்தால் ரூபியின் குரலை ஒருமுறை கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது. நீர்வேலி இதரை வாழைப்பழம் ஒரு சீப்புடன் அவள் வீட்டுக்குப் போனேன். மன்னிப்பைக்கூடக் கத்தித்தான் கேட்க வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டு மதிலுக்கு மேல் ஒரு தலை எட்டிப் பார்த்தது.

“கத்தாதேங்கோ அண்ணை. ஊருக்கெல்லாம் கேக்குது, எங்களுக்குத்தான் கேக்கேல்லை.”

“ஒருக்காப் பாடு பிள்ளை. ஒப்பறேசனுக்கு முந்தி.”

“நல்ல நேரம் பாத்துக் கேக்கிறியள்!”

பழச் சீப்பை வாங்கி ஒருபக்கம் வைத்தாள். பிறகு தொடங்கினாள். என் இடது காதை அவள் வாயருகே கொண்டுபோனேன். மூச்சின் சூடு பட்டது. வேறொன்றும் இல்லை. நிமிர்ந்து பார்த்தேன். அந்த நத்தார்ப் பாட்டை, ஒரு சொல் தவறாமல், உதடுகள் சொல்லிக்கொண்டிருந்தன.

“கேட்டதோ, அண்ணை?”

“ஓம்” என்றேன்.

குரல் கொடுத்துத்தான் பாடினாளா, அன்று நான் சொன்னபடி வாயை மட்டும் அசைத்தாளா? கேட்டுச் சொல்ல ஆள் வேண்டி மதிலைத் திரும்பிப் பார்த்தேன். அந்தத் தலை அங்கே இல்லை.