தடித்த வளையம்

வேறு கம்பனியின் அகல லென்ஸை ஒரு அடப்டர் வளையத்தால் தன் கமராவில் பூட்டிக்கொண்டு, என் கணவர் எங்களைக் கோயில் வாசலில் அரைமணி நேரமாக நிறுத்தி வைத்திருக்கிறார். வளையம் கரகரவென்று திரும்பியதும் எனக்கு மாமாவின் நினைவு வந்தது.

சுனாமிக்கு முந்திய வருடம், அம்மனைக் குளிரவைக்கும் குளிர்த்தித் திருவிழா. குடும்பம் முழுவதையும் ஒரே படத்தில் அடக்க மாமாவும் இதே வேலைதான் பார்த்தார்.

"வெயில் கொளுத்துது தம்பி, சுறுக்கா எடு," என்று அம்மா கத்தினார்.

"வளையம் தடிப்பாப் போச்சு அக்கா. கிட்ட இருக்கிறதுதான் தெளிவு. தூர நிக்கிற நீங்க எல்லாரும் மங்கல்."

"அப்ப அதக் கொண்டுபோய் வாவிக்குள்ள எறிங்க மாமா!" என்று தங்கச்சி கமராவுக்கு முன்னால் போய் நின்று முறைத்தாள். மாமா சட்டென்று பொத்தானை அமத்திவிட்டார்.

அந்த மார்கழியில் கடல் தங்கச்சியைக் கொண்டுபோனது. வீட்டுப் படங்களும் போயின. மாமாவிடம் இருந்த அந்த ஒரு படம்தான் மிச்சம். அதில் நாங்கள் எல்லோரும் புகைபோல நிற்கிறோம். கோபித்துக்கொண்டு முன்னால் போனவளின் புருவமயிர்கூட எண்ணலாம்.

"இன்னும் ஒரு நிமிஷம்," என்கிறார் இவர்.

அம்மாளே, இந்த மனிசனுக்குப் புத்தியைக் குடு என்று மனதுக்குள் கும்பிட்டபடி, மகளை மட்டும் இவருக்குக் கிட்டவாக நகர்த்தி நிறுத்தினேன்.