ரபீக்கா பூட்டிய கேபிள்கள்

ஓர்ஸ் ஹில் சரிவில் உள்துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்கிற ஹோட்டலில் கோல்ஃப் கார்ட் ஓட்டுகிறவள் கிண்ணியா ஊர்க்காரி ரபீக்கா. படகில் வந்திறங்கும் விருந்தினரைத் துறையடியிலிருந்து மேலே வரவேற்பறை வரை ஏற்றிப்போவது அவள் வேலை. வயது நாற்பத்தேழு. கட்டாரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி வளவுக்குள் ஏழு வருசம் இதே மாதிரி பற்றரி வண்டி ஓட்டியவள். அங்கே வண்டி பழுதானால் பட்டறைக்காரர்கள் சீற்றைத் தூக்கிவிட்டு என்ன செய்கிறார்கள் என்று பக்கத்தில் நின்று பார்ப்பாள். பார்த்ததை மறக்கிற ஆள் இல்லை.

பிரகலாதன் ஹோட்டலின் பராமரிப்புப் பொறுப்பாளர். சட்டைப் பையில் எந்நேரமும் மின்சாரம் பார்க்கிற டெஸ்டர் ஒன்று குத்தியிருக்கும். அதை அவர் வெளியே எடுத்து ரபீக்கா ஒருநாளும் கண்டதில்லை.

உப்புக்காற்றில் பழைய பற்றரிக் கேபிள்கள் பச்சை பூத்து அரித்துப்போக, பிரகலாதன் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் புதிது பூட்டினார். பளபளவென்ற சிவப்பு. வெட்டிப்போட்ட மீதித் துண்டொன்றை எடுத்து ரபீக்கா முனையைப் பார்த்தாள். விரல் தடிப்பில் றப்பர், நடுவே ஈர்க்கில் அளவு கம்பி. நகத்தால் சுரண்டினால் செம்பு நிறம் போய் அலுமினியம் வெள்ளையாகத் தெரிந்தது.

“சேர், இது மெலிசு. ஏத்தத்தில இழுக்கக்குள்ள சூடாகும். முனையையும் சுத்தியலால அடிச்சு நெளிச்சிருக்கீங்க, இது பிடிக்காது. ஒண்டையும் கட்டாம விட்டதால சட்டத்து விளிம்பில உரசுது.”

“ராத்தா,” பிரகலாதன் சிரித்தார், “நீங்கள் ஸ்டியரிங்கைப் பிடியுங்கோ. மிச்சத்தைப் படிச்ச நாங்கள் பாப்பம்.”

படித்தவராம்! கம்பி மெலிசா மொத்தமா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல எந்தச் சான்றிதழ் வேண்டும்? ரபீக்கா திரும்பி நடந்தாள்.

ஆனாலும் வண்டியை ஓட்டினாள். பிறகு அவளை அறுத்தது அதுதான். பதினொரு நாள், சீற்றின் கீழிருந்து றப்பர் வேகிற மணம் மூக்கில் ஏற ஏற, மேலிடத்தில் சொன்னால் வேலை போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டு ஓட்டினாள். அந்த மனிசனைப் புழுவாக எண்ணியவள், அந்த நாட்களில் தன்னையும் அதற்கு மேலாக எண்ணவில்லை.

பன்னிரண்டாம் நாள் ஒரு கலியாண விருந்து. முழங்காலில் ஒப்பரேசன் செய்திருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை புஸ்பராணியும் அவருடைய உறவுக்காரர் இருவரும் ஏறியிருந்தார்கள். பாதி ஏற்றத்தில் சீற்றின் கீழிருந்து புகை வந்தது. ரபீக்கா பிரேக்கை இறுக்கி, சாவியைத் திருப்பி வண்டியை நிறுத்தி, புஸ்பராணியைக் கைத்தாங்கலாக மதில் ஓரம் கொண்டுபோய் இருத்தினாள். ஓடிவந்து சீற்றைத் தூக்கினாள். ஒரு கேபிள் உருகி, அது பூட்டியிருந்த பற்றரியின் ஈயக் குமிழ் மெழுகாய்ச் சரிந்திருந்தது. வண்டியில் வைத்திருந்த, பிடியில் டேப் சுற்றிய ஸ்பனரால் நெகற்றிவ் கேபிளை முதலில் கழற்றினாள். புகை அடங்கியது.

முகாமையாளர் சோமசேகரமும் பிரகலாதனும் வந்து சேர்ந்தார்கள்.

“அளவுக்கு மிஞ்சி ஆள் ஏத்தியிருக்கிறா, சேர்,” என்றார் பிரகலாதன்.

“மூண்டு பேர்தான் இருந்தனாங்கள்,” என்றார் புஸ்பராணி. “பொய் சொல்லாதையும், தம்பி.”

ரபீக்கா பிரகலாதனின் முகத்தைப் பார்க்கவேயில்லை. கருகிய கேபிளை முகாமையாளரிடம் நீட்டினாள். “வெட்டி உள்ளுக்குப் பாருங்க, சேர். உடுப்புக் காயப்போடக்கூட நான் இதைக் கட்ட மாட்டன். இது தெரிஞ்சும் பதினொரு நாள் ஓட்டின எனக்கும் வெக்கம் இல்ல.”

சோமசேகரம் கேபிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “உங்களால செய்ய ஏலுமா?”

“ஓம். ஆனா இவர் தொடக் கூடாது.”

மறுநாள் காலை, துறைமுகப் பக்கம் படகு எஞ்சின் திருத்துகிற ஹிஸ்புல்லாவின் பட்டறைக்குப் போனாள். வெல்டிங்குக்குப் பாவிக்கிற மொத்தமான செம்புக் கேபிளை, பற்றரிக்குப் பற்றரி தான் அளந்த அளவுக்கு வெட்டுவித்து, முனைகளை மெசினில் அழுத்துவித்தாள். திரும்பி வந்து, கெட்ட பற்றரியை மாற்றி, குமிழ்களைக் கம்பித் தூரிகையால் தேய்த்தாள். ஈயம் நசியாத அளவுக்கு நட்டுகளை இறுக்கி, பச்சை பூக்காதிருக்க வாஸ்லின் பூசினாள். சட்டத்தைத் தொடாதபடி கேபிள்களை றப்பர் வைத்த கிளிப்பால் பிடித்தாள். ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தாள். ஆட்களை நிரப்பி இருமுறை மேடேறி வந்து கேபிளில் கைவைத்தபோது இளஞ்சூடுதான் இருந்தது.

அவள் கைகழுவப் போன இடைவெளியில் பிரகலாதன் அதைப் படம் பிடித்து, ‘பராமரிப்புப் பிரிவின் சாதனை’ என்று ஹோட்டல் வட்ஸ்அப் குழுவில் போட்டார். வரவேற்பறைக் கீர்த்தனி கொண்டுவந்து காட்டினாள். “நீங்கள் ஒண்டும் சொல்லேல்லையா, ராத்தா?”

“அந்தாளோட என்ன கதை? களவெடுத்த படத்தையும் கோணலாத்தான் எடுத்திருக்கார்.”

அன்றே சீற்றுக்குக் கொக்கி வைத்து ஒரு சின்னப் பூட்டுப் போட்டாள். சோமசேகரம் கண்டு, பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனார். அடுத்த கிழமை பிரகலாதன் வந்து, பரிசோதனைக்காம் என்று பூட்டின் சாவியைக் கேட்டார்.

“ஏலாது, சேர்,” என்றாள் ரபீக்கா. துறையடியில் படகு வந்து கட்டுகிற சத்தம் கேட்டது. வண்டியைத் திருப்பிக்கொண்டு ஆட்களை ஏற்றப் போனாள்.